பெல்ட் கேட்கும் மரம்

வனத்துறை தந்த சீட்டில்
நான்கு கன மீட்டர் என்று இருந்தது.
எங்கள் காரின் புத்தகத்தில்
ஐந்து பேர் என்று இருந்தது.

ஹார்ஸ் மலையில் அந்த வருடம்
வண்டு தின்ற ஊசியிலை மரங்கள்
நின்றபடியே செத்திருந்தன.
நேரானவற்றை லாரி கொண்டுபோக
வழியோரம் கிடந்த மிச்சம் எங்களுக்கு:
நுனிகள், கோணல்கள்,
விழுந்த மரத்தடியில் அகப்பட்டுச் செத்தவை,
நடுவே எப்படியோ ஒரு பீச்.

துவாரகன் பின்இருக்கையை மடக்கி
நீலப் பூப்போட்ட விரிப்பை விரித்தான்.
கல்யாணத்துக்கு யாரோ தந்தது,
கட்டிலில் விரிக்க மனம் வராதது.
"கார் போதும்" என்றான்.
"பதினாலு நடை" என்றேன்.
"பதினொன்று."
பேரம் பேச அங்கே கடைக்காரன் இல்லை.

முதல் நடையில் பின்பக்கம் இறங்கி
காருக்கு மூக்கு மேலே போய்விட்டது.
விளக்குகள் சாலையை விட்டுவிட்டு
மரவுச்சிகளைப் பார்த்தபடி வந்தன.
எதிரே வந்தவர்கள் வெளிச்சத்தைச் சிமிட்டித் திட்டினார்கள்.
என் காதுக்குப் பின்னால் ஒரு கொம்பு
வளைவுக்கு வளைவு ஏதோ சொல்ல வந்து
சொல்லாமல் போனது.

இரண்டாம் நடை நான் தனியே.
பின்னால் அடங்காத பீச் துண்டை
முன்இருக்கையில் உட்கார வைத்தோம்.
பாலம் தாண்டியதும் கார் கேட்டது:
டிங்.
பிறகு டிங் டிங்.
பிறகு நிறுத்தாமல்.
ஓரங்கட்டி, பெல்ட்டை இழுத்து
மரத்தின் இடுப்பைச் சுற்றி மாட்டினேன்.
அடங்கியது.
பெட்ரோல் நிலையத்தில் ஒருத்தி
எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்தாள்.

மூன்றாம் நடை முடிந்த இரவு
மரவட்டை ஒன்று வேகமானியின் மேல் ஊர்ந்து
எண்பதில் நின்றது.
உல்ரிக்கேயிடம் டிரெய்லர் இருந்தது.
தபால் கொடுப்பவள், இரண்டு வீடு தள்ளி.
"அவன் போனான், இது நின்றது" என்பாள்
விவாகரத்தைப் பற்றிக் கேட்டால்.
வாடகை வேண்டாம், நாலில் ஒன்று எனக்கு என்றாள்.

முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன கொக்கி
எங்கள் காரின் பின்னே
தொப்பி போட்டபடி ஆறு வருடம் காத்திருந்தது.
காரில் பதின்மூன்று ஓட்டை,
டிரெய்லரில் ஏழு ஊசி.
இடையில் மாட்ட ஒரு தரகுத்துண்டு, பன்னிரண்டு யூரோ.

காட்டுக்குள் பின்னோக்கி எடுத்தால்
இடதென்றால் வலது, வலதென்றால் பள்ளம்.
துவாரகன் இறங்கிக் கைகாட்ட
அதற்கும் நேர்மாறாகப் போனது.
கடைசியில் கழற்றி, சேற்றில் தள்ளி
தேரைத் திருப்புவதுபோல் திருப்பினோம்.
ஊர்கூடவில்லை.
முட்டுக்கட்டைக்கு மட்டும் பஞ்சமில்லை.

மீதி எல்லாம் மூன்றே நடை.
மாலைக் காப்பிக்கு முன் முடிந்தது.
அந்த விறகைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.
வலை போர்த்திக்கொண்டு மழையில் நனைந்தபடி
பின்னாலேயே வந்தது.
கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம்
யாரோ தொடர்கிறார்கள் என்று திடுக்கிட்டேன்,
அவ்வளவுதான்.

டிரெய்லர்தான் சரி என்றான்.
நானும் மறுக்கவில்லை.

இரண்டு குளிர்காலம் காய்ந்து
பீச் எரிந்தது, நன்றாகவே,
ஒரு மாலை முழுக்க.
எந்தத் துண்டு எது என்று
அப்போது தெரியவில்லை.

காருக்குத்தான் இன்னும் குழப்பம்.
ஈரம் உள்ளே இறங்கியிருக்கும் என்கிறான் மெக்கானிக்;
ஆளில்லாத இருக்கைக்குப் பெல்ட் கேட்கிறது.
சரிசெய்ய முந்நூற்றிருபது யூரோ.
அந்தக் காசுக்கு
பிளந்து, காய்ந்து, வாசலில் இறக்கிய விறகே கிடைக்கும்.

காலை வேலைக்குத் தனியே போகும்போது
பக்கத்து இருக்கைக்கும் மாட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.
மறந்தால்
பாலம் தாண்டியதும் கேட்கும்.